பேரா, பேனாவா?

மகளுக்குப் பாட்டு டீச்சர் தேடுகிறீர்களா? ‘பெரிய வித்வான்தான் வேணும்’ என்று அடம்பிடிப்பதற்கு முன்னால், ஒரு வியன்னா கதை.

1792, நவம்பர். பான் நகரிலிருந்து வியன்னா வந்து இறங்கினார் 21 வயது பீத்தோவன். குரு யார்? ஐரோப்பாவே கொண்டாடிய ஹைடன்! ஆனால், ஹைடனுக்குத் தலைக்கு மேல் வேலை. பீத்தோவன் எழுதிய வீட்டுப்பாடங்களில் 245 இன்றும் இருக்கின்றன. அதில் ஹைடனின் திருத்தம் உள்ளவை... வெறும் 42! பல தப்புகள் அப்படியே தங்கிவிட்டன.

1794 ஜனவரியில் ஹைடன் லண்டன் கிளம்பினார். பீத்தோவன் உள்ளூரிலேயே ஆல்பிரெக்ட்ஸ்பெர்கரைப் பிடித்தார். புகழில் ஹைடன் பக்கத்தில்கூட நிற்க முடியாதவர். ஆனால், கறார் வாத்தியார். வாரம் மூணு வகுப்பு!

1801 வாக்கில் பீத்தோவனே டியூஷன் மாஸ்டர். மாணவன், 10 வயது செர்னி. முதல் சில வகுப்புகளில் பாட்டே கிடையாது. ஸ்வர வரிசையும், கட்டைவிரலைப் பயன்படுத்தும் விதமும்தான். அந்தச் செர்னிதான் பிற்பாடு சிறுவன் லிஸ்டுக்குக் கட்டணம் வாங்காமல் கற்றுக்கொடுத்தவர்.

ஆகவே, வாசலில் மாட்டியிருக்கும் பட்டங்களை விடுங்கள். அங்கே படிக்கிற குழந்தையின் நோட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். திருத்தின மை தெரிகிறதா? தைரியமாக ஃபீஸ் கட்டலாம்!