மாங்கனிக்கு எந்தக் காலம்?

அறிந்த கதையை அன்பினால் மீண்டும் எழுதுவோர், இறந்தகாலமா நிகழ்காலமா எனத் தயங்குவதுண்டு. வரிச்சிக்குடிக்கு அண்மையிலுள்ள காரைக்காலின் கதையே இதற்கு விடை சொல்லும்.

காரைக்கால் அம்மையார் தம் மூத்த திருப்பதிகத்தில் இறைவன் கூத்தை 'ஆடும்' என்றே பாடினார். கண்ணெதிரே ஓயாத ஆட்டம் அது. 12ஆம் நூற்றாண்டில் அவர் வாழ்வை 66 பாடல்களில் கதையாக்கிய சேக்கிழாரோ பெரிதும் இறந்தகாலத்தையே கையாண்டார். அடியவருக்கு ஒரு கனியை அளித்துவிட்ட புனிதவதியார், கணவன் அதையும் கேட்டபோது கலங்கினார். அடுத்து நிகழ்வது அவருக்குத் தெரியாது; சேக்கிழாருக்குத் தெரியும்.

ஆனிப் பௌர்ணமியில் மாங்கனி இறைக்கும் ஊராருக்குக் கதை இன்றும் நடக்கிறது.

அடுக்களையில் அவரோடு கலங்கி நிற்பவர் நிகழ்காலத்தில் எழுதலாம். அவர் பேயுருவில் ஆலங்காடு சென்றதுவரை அறிந்து சொல்பவருக்கு இறந்தகாலமே நேர்மை.