தாசில்தாரிடமிருந்து பிரிந்த போலீஸ்

சென்னை மாகாணத்தில் 1859 வரை வரி வசூலித்தவரும் திருடனைப் பிடித்தவரும் ஒருவரே. 1816ஆம் ஆண்டுச் சட்டம் தாசில்தாரிடம் போலீஸ் பொறுப்பையும் சேர்த்துக் கொடுத்திருந்தது. கிஸ்தி பாக்கிக்காகக் குடியானவரின் விரல்களைக் கிட்டியில் நெரித்த அதே சேவகர்கள், குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் அதே கருவியை எடுத்தார்கள். 1855இல் சித்திரவதை விசாரணைக் குழு இதை விரிவாகப் பதிவு செய்தது. அதன்பின் வந்த 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் போலீஸை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனித் தலைமையின் கீழ் வைத்தது. ராபின்சன் அதன் முதல் தலைவர்.

பிரித்ததே பெரிய சீர்திருத்தம் என்பார்கள். வரி வசூலைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் எஜமான்தான் மாறினார். பதில் சொல்ல வேண்டிய இடம் அரசாங்கமாகவே இருந்தது, மக்களாக அல்ல. ஊர்க் காவல்காரர்களை நம்பிய பழைய காவல் முறையே மேலாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. காவல்காரர்களே களவுக்குத் துணைபோன புகார்கள் ஏராளம். புதிய படையை ஆட்சியாளர்களே எவ்வளவு நம்பினார்கள் என்பதற்குச் சட்டப் புத்தகமே சாட்சி: போலீஸ் அதிகாரியிடம் தந்த குற்ற ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று 1861ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதை உறுதிசெய்தது. 2023இல் எழுதிய புதிய சாட்சியச் சட்டமும் அந்த விதியை நீக்கவில்லை.