கல்கத்தா கோப்பையும் கடல் கடக்க விரும்பும் ஆட்டக்காரரும்

தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸில் வளரும் ஓர் இளைஞர், வெளிநாடு சென்று தொழில்முறை ரக்பி ஆட்டக்காரராக விரும்பினால் அவருக்கு என்ன வழி இருக்கிறது? கிரிக்கெட்டும் கால்பந்தும் கோலோச்சும் நகரில் இக்கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் ரக்பிக் கோப்பையின் பெயரே 'கல்கத்தா கோப்பை' என்பதுதான். கோப்பைக்குக் கிடைத்த கடல்வழி ஆட்டக்காரர்களுக்கு ஏன் எளிதில் கிடைக்கவில்லை என்பது வரலாற்று மாணவர்கள் எழுப்பத்தக்க வினா.

1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடைபெற்றது. ஒருபுறம் இங்கிலாந்தைச் சேர்ந்த இருபதின்மர். மறுபுறம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நாடுகளைச் சேர்ந்த இருபதின்மர். அதன் விளைவாக 1873 ஜனவரியில் கல்கத்தா கால்பந்து மன்றம் உருவாயிற்று. பெயர் கால்பந்து எனினும் ஆடப்பட்டது ரக்பியே. ஓராண்டுக்குள் 137 உறுப்பினர்கள் சேர்ந்தனர். எனினும் ஐந்தாண்டுகளுக்குள் மன்றம் கலைந்தது. பஃப்ஸ் படைப்பிரிவு நகரைவிட்டு நீங்கியது, தட்பவெப்பம் ஒத்துவரவில்லை, போலோவும் டென்னிஸும் செல்வாக்குப் பெற்றன. எஞ்சிய பணத்தை வங்கியிலிருந்து வெள்ளி ரூபாய்களாகப் பெற்று, உருக்கி, நாகக் கைப்பிடிகளும் மூடியில் யானையும் கொண்ட கோப்பையாகச் செய்து இங்கிலாந்து ரக்பி ஒன்றியத்திடம் அளித்தனர். 1879இல் எடின்பரோவில் முதன்முறையாக அதற்காக ஆடப்பட்ட ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அம்மன்றத்தினர் பணிநிமித்தம் வந்து, பணிமாற்றத்தில் திரும்பிய பிரித்தானியர்.  ஆகவே ஆட்கள் சென்றபின் அம்மன்றம் நிலைக்கவில்லை.

இரண்டாவது தடை இங்கிலாந்திலேயே உருவானது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்கள், ஆட்டத்திற்காக இழந்த நாட்கூலியை ஈடுசெய்யக் கோரினர். ஒன்றியம் மறுத்தது. 1895இல் வடபகுதி மன்றங்கள் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடிப் பிரிந்தன. ரக்பி லீக் என்னும் தனிவடிவம் அவ்வாறு பிறந்தது. ரக்பி யூனியனில் ஊதியத் தடை நீங்கியது 1995 ஆகஸ்டில்தான். அதுவரை ஒரு நூற்றாண்டுக் காலம், வேறு வருவாய் உடையவருக்கே அவ்வாட்டம் வாழ்வின் பகுதியாக இருக்க இயன்றது.

கொல்கத்தாவில் மாற்றம் தொடங்கியது அதற்குச் சற்று முன்னரே. தெருச் சிறுவர்களுக்காக 1987இல் நிறுவப்பட்ட ஃபியூச்சர் ஹோப், ரக்பியையும் கற்பித்தது. அதில் வளர்ந்தோர் இந்திய அணிக்காக ஆடினர். 2004இல் உருவான ஜங்கிள் குரோஸ் மன்றம் மைதான் புல்வெளியில் எளிய குடும்பத்து இளையோரைத் திரட்டியது. பின்னர் வடவங்கத்துத் தேயிலைத் தோட்டமான சரஸ்வதிபூரின் பெண்களும் தேசிய அணியை எட்டினர்.

பத்து லட்சத்துக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஃபிஜி, 2016 ரியோவிலும் 2021 டோக்கியோவிலும் எழுவர் ரக்பியில் ஒலிம்பிக் தங்கம் வென்றது. அந்நாட்டவர் பலர் பிரெஞ்சு மன்றங்களில் ஊதியம் பெற்று ஆடுகின்றனர். அங்கே பள்ளிதோறும் சிற்றூர்தோறும் ரக்பி ஆடப்படுகிறது. வெளிநாட்டு மன்றம் தேடிவரும்போது தேர்ந்தெடுக்க ஆட்டக்காரர்கள் ஆயத்தமாக இருக்கின்றனர். இந்தியாவில் 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீகில் அயல்நாட்டு ஆட்டக்காரர்களுடன் இந்தியரும் ஊதியம் பெற்று ஆடினர். பட்டம் வென்றது சென்னை புல்ஸ். ஆனால் அப்போட்டி நடந்தது இரண்டு வாரங்களே.

ஆகவே லேக் கார்டன்ஸ் இளைஞருக்கு விமானச்சீட்டைவிட முதலில் தேவைப்படுவது, ஆண்டு முழுதும் நடைபெறும் உள்நாட்டுப் போட்டிகளும், பயிற்சிக் காலத்தில் குடும்பம் இழக்கும் வருவாய்க்கு ஓர் ஈடுமே. 1895இல் சுரங்கத் தொழிலாளர் எழுப்பிய கேள்வி இன்று கொல்கத்தாவில் விடைக்காகக் காத்திருக்கிறது. விளையாட்டு வரலாற்றை ஆய்வோர் கோப்பைகளின் பட்டியலோடு இக்கூலிக் கணக்கையும் சேர்த்துப் படிப்பது நன்று.