புரதமும் 118 கிராமும்

மரக்கறி உண்போரை நோக்கி, "ஊனும் மீனும் இன்றி உடம்புக்கு வலு எங்கிருந்து வரும்?" என்று வினவுவோர் எக்காலத்தும் உளர். வினவுவதில் தவறில்லை. ஆயின் புரதச் சத்தில் 'போதுமான அளவு' என்று ஒன்று சொல்லப்படுகிறதே, அதனை யார், எதனைக் கொண்டு வகுத்தனர்? இவ்வரலாற்றை ஆசிரியப் பெருமக்கள் அறிந்திருத்தல் நன்று.

ஜெர்மனியின் மூனிக் நகரப் பேராசிரியர் கார்ல் வோயிட், மிதமான உடலுழைப்புடைய ஆடவனுக்கு நாள்தோறும் 118 கிராம் புரதம் வேண்டும் என்று 1881-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இவ்வெண்ணைப் பெரும்பாலும் அந்நாட்டுத் தொழிலாளர் உண்டதைக் கணக்கிட்டே அவர் பெற்றார். ஒருவன் உண்பது வேறு. அவன் உடம்பு வேண்டுவது வேறு. கையில் காசு மிகுந்தால் தட்டில் ஊனும் மிகும். ஆயினும் உண்ட அளவே உண்ண வேண்டிய அளவாகிப் பாடநூல்களில் ஏறிவிட்டது.

இதனை முதலில் உரமாக அசைத்தவர் அமெரிக்காவின் ஏல் பல்கலைக் கழகத்து ரஸ்ஸல் சிட்டெண்டன். அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக் கொண்டார். பின்னர்ச் சக ஆசிரியர்கள், படைவீரர்கள், விளையாட்டு வீரரான மாணவர்கள் ஆகியோரைப் பல மாதங்கள் குறைந்த புரத உணவில் வைத்துப் பார்த்தார். வோயிட் சொன்னதில் ஏறத்தாழப் பாதியே அவர்கட்குப் போதுமானதாக இருந்தது, வலிமை குன்றவில்லை. இம்முடிவுகள் 1904-இல் நூலாயின.

மறுப்பு கல்கத்தாவிலிருந்து வந்தது. அங்கு மருத்துவக் கல்லூரியில் உடலியல் பேராசிரியராக இருந்த டேவிட் மெக்கே, வங்காளச் சிறைக் கைதிகளின் உணவை நுணுகி ஆராய்ந்தவர். 1912-இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம் இது: வங்காளிகள் சிட்டெண்டன் போற்றும் குறைந்த புரதத்தில்தான் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர், அவர்தம் மெலிந்த உடலைப் பாரீர், கோதுமை உண்ணும் வடமேற்கத்தியரைப் பாரீர்! சோறுண்ணும் மக்கள் சோற்றினாலேயே தாழ்ந்தனர் என்று ஆளவந்தோர் ஒருவர் அறிவியல் மொழியில் கூறியது இது. அந்நாளைய வங்காளத்தில் மலேரியாக் காய்ச்சலும் கொக்கிப்புழுவும் வறுமையும் மலிந்திருந்தன. இவற்றின் கேட்டையும் புரதக் குறைவின் கேட்டையும் வேறு பிரித்துக் காண அவருடைய ஒப்பீட்டால் இயலாது. எனினும் மெக்கேயை முற்றும் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. அளவுக்கு மீறிச் சோற்றைக் குவித்து உண்டால் உணவிலுள்ள புரதம் உடம்பில் சரிவரச் சேர்வதில்லை என்று சிறைகளில் அவர் கண்டது பயனுள்ள செய்தி.

வேறொரு முனையிலிருந்து தெளிவு வந்தது. புரதம் என்பது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றுள் உடம்பு தானே ஆக்கிக்கொள்ள இயலாதவை இன்னவை என்பதை இல்லினாய் பல்கலைக் கழகத்து வில்லியம் ரோஸ் 1930-களிலும் பின்னரும் வரையறுத்தார். அரிசியில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அதனினும் மேல். ஆகவே அரிசியும் உளுந்தும் கலந்த இட்டிலியும், சோறும் பருப்புக் குழம்பும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புவன. இவற்றை ஒரே வேளையில் சேர்த்துண்ண வேண்டும் என்று பிரான்சிஸ் மூர் லாப்பே என்னும் அமெரிக்க அம்மையார் 1971-இல் எழுதிய நூல் பெரும்புகழ் பெற்றது. அத்துணைக் கண்டிப்பு வேண்டியதில்லை என்று 1981-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவரே திருத்திக்கொண்டார்.

இனிக் குழந்தைகளின் செய்தி. இன்று கானா எனப்படும் நாட்டில் மக்காச்சோளக் கஞ்சியை நம்பி வளர்ந்த குழந்தைகளின் உடல் வீங்கும் நோயைச் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1933-இல் விவரித்தார். 1935-இல் அதற்குக் 'குவாஷியோர்க்கர்' என்னும் அந்நாட்டுப் பெயரையே வழங்கினார். அடுத்த மகவு பிறந்ததும் தாய்ப்பாலை இழந்த குழந்தையின் நோய் என்பது அதன் கருத்து. இவ்வம்மையார் 1936-இல் மலாயாவுக்கு வந்தவர். தாய்ப்பாலுக்கு மாற்றாக டின் பாலைப் புகட்டும் வழக்கத்தைக் கண்டித்துச் சிங்கப்பூரில் 1939-இல் 'பாலும் கொலையும்' என்று உரையாற்றியவர். ஜப்பானியர் காலத்தில் சாங்கிச் சிறையில் வாடியவர்.

போருக்குப் பின் உலக அமைப்புகள் அந்நோயைப் புரதப் பஞ்சத்தின் அடையாளமாகக் கொண்டன. 1968-இல் ஐக்கிய நாடுகள் அறிக்கை ஒன்று வரவிருக்கும் புரத நெருக்கடியைப் பற்றி எச்சரித்தது. அவ்வேளையில் ஐதராபாத்தில், குன்னூரிலிருந்து பெயர்ந்து வந்த சத்துணவு ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராக இருந்தவர் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். ஏழைக் குழந்தைகள் உண்ணும் உணவை அளந்து பார்த்த அவர், அவர்கட்கு முதற்குறை புரதமன்று, வயிறார உணவே இல்லை என்று கண்டார். உண்ணும் உணவு எரிபொருளுக்கே போதாதபோது அதிலுள்ள சிறிது புரதத்தையும் உடம்பு எரித்துவிடும். 1973-இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வில், கோதுமை மாவும் சர்க்கரையும் எண்ணெயும் சேர்ந்த சிற்றுண்டியைக் குழந்தைகளுக்கு 14 மாதங்கள் அளித்தனர். நாளொன்றுக்கு அது தந்தது 310 கலோரி. புரதம் 3 கிராம் மட்டுமே. குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் தேறினர். அடுத்த ஆண்டே டொனால்டு மெக்லாரன் என்பார் 'லான்செட்' இதழில், புரதத்தைத் துரத்திய அம்முயற்சி முழுவதையும் பெரும் தோல்வி என்றே எழுதினார்.

வோயிட்டின் 118 இன்று வழக்கில் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட அளவு, வளர்ந்தவர்க்கு உடல் எடை கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம். 55 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 46 கிராம் ஆகும். அரிசி 400 கிராமில் சுமார் 27 கிராமும், துவரம் பருப்பு 80 கிராமில் சுமார் 18 கிராமும் புரதம் கிட்டும். தயிரும் கடலையும் சேரின் அளவு கடந்துவிடும். (முட்டையும் பாலும்கூடத் தவிர்ப்போர் பி12 உயிர்ச்சத்துக்குத் தனியே வழி தேடல் வேண்டும், அது பருப்பில் இல்லை.) ஆனால் நம் வீடுகளில் ஓராளுக்கு விழும் பருப்பு 80 கிராம்தானா? நாலு பேருக்கான குழம்பில் ஒரு கைப்பிடிப் பருப்பைக் கரைத்து, அதுவும் அடியில் தங்க, மேலே தெளிந்த நீரைச் சோற்றில் ஊற்றி உண்பவர்க்கு இக்கணக்கில் பாதியும் தேறாது.