உப்பு கரிக்கும் ஆறும் ஒரு தீர்ப்பும்



ஜும்ஆவுக்குப் புறப்படும்போது சட்டைக்குள் நாம் அணியும் வெள்ளை பனியன் பெரும்பாலும் திருப்பூரில் பின்னப்பட்டது. அந்நகருக்குப் பின்னலாடைத் தொழிலைக் கொண்டுவந்தவர்களில் முதன்மையாகக் கூறப்படுபவர் குலாம் காதர் என்ற முஸ்லிம் வணிகர். 1925ஆம் ஆண்டை ஒட்டி அவர் பின்னல் இயந்திரங்களை அங்கே நிறுவினார். நம் சமுதாயத்தார் பெருமையோடு நினைவுகூரும் செய்தி இது. ஆனால், அந்த இயந்திரத்தைத் தொடர்ந்து வந்த வரலாற்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

பல்லாண்டுகள் திருப்பூர் வெள்ளை பனியன் ஊராகவே இருந்தது. 1978இல் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் ஆடை தேடி அங்கு வந்தார். ஏற்றுமதி பெருகியது. ஐரோப்பியர் கேட்டது வெள்ளை பனியனை அல்ல, வண்ண வண்ணமான டி-ஷர்ட்டுகளை. துவைத்தால் நிறம் போகக்கூடாது என்பதும் அவர்களது நிபந்தனை. சலவைப் பட்டறைகளுக்கு அருகே சாயப்பட்டறைகள் நொய்யல் கரையெங்கும் முளைத்தன.

நிறம் போகாத சாயம் எங்கிருந்து வந்தது? 1956இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனம் பருத்தி இழையோடு வேதிப்பிணைப்புக் கொள்ளும் புதுவகைச் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அரிய கண்டுபிடிப்புத்தான். எனினும் அதற்கு ஒரு குணமுண்டு. நீரில் இருக்கும்போது சாயமும் பருத்தியும் ஒன்றையொன்று விலக்கும். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையில் படியவைக்க உப்பு வேண்டும். அடர்நிறமானால் ஒரு லிட்டர் சாயநீருக்கு 60, 80 கிராம்கூடத் தேவைப்படும். இந்த உப்பு துணியில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் கழிவுநீரோடு வெளியேறிவிடும். சாயத்தை ஆராய்ந்தவர்களிடம் ஆலைகள் கேட்டது நிறம் நிலைக்குமா என்பதையே. அந்த உப்பு எங்கே போகும் என்று கேட்பார் இல்லை.

அது நொய்யலுக்குப் போயிற்று. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் ஆறு அது. அதன் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று கட்டப்பட்ட அணை 1992இல் முடிந்தது. மழைநீருக்காக எழுப்பிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. அணை வேண்டும் என்று காத்திருந்த உழவர்களே, அதில் நீரைத் தேக்காதீர்கள் என்று மன்றாட நேர்ந்ததைச் சற்றுச் சிந்தித்துப் பாருங்கள்! உப்பேறிய மண் இறுகியது. கிணற்று நீர் கரித்தது.

1990களின் இறுதியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. அவை சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டு நிறத்தைப் பெருமளவு நீக்கின. ஆனால் கரைந்திருந்த உப்பு அப்படியே ஆற்றுக்குச் சென்றது. கண்ணுக்குத் தெரிந்த குற்றம் நீங்கியதால் தொழில் முனைவோர் நிம்மதியுற்றனர். உழவரின் நாக்கு அறிந்த குற்றம் நீங்கவில்லை.

உப்பை நீக்கும் கலை உலகில் இல்லாமலில்லை. குடிநீர்ப் பஞ்சத்தை அஞ்சிய அமெரிக்க அரசு 1952இலேயே கடல்நீரை நன்னீராக்கும் ஆய்வுக்குச் சட்டமியற்றிப் பணம் ஒதுக்கியது. 1960ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், சீனிவாச சௌரிராஜன் என்ற நம் நாட்டு விஞ்ஞானியும் அதற்குரிய சவ்வை உருவாக்கினர். இன்று நம் வீடுகளில் ஆர்.ஓ. என்று வழங்குவது அந்த வழியில் வந்ததே. தாகத்துக்கு அஞ்சிய அரசு கேட்டது, ஆய்வுக்கூடம் பதில் தந்தது. நொய்யல் உழவருக்காகக் கேட்பவர் யார்?

அவர்களே நீதிமன்றத்தில் கேட்டனர். நொய்யல் ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுச்செய்தது. 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எய்தவேண்டும் என்றும், அதுவரை வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசா தொடங்கி, படிப்படியாக உயரும் தொகை செலுத்தவேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. 2009இல் உச்சநீதிமன்றமும் உழவர் பக்கமே நின்றது. அப்படியும் நிலைமை சீராகாததால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவை ஆலைகளை மூட உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. துணிகள் சாயத்துக்காக வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டன. பட்டறைத் தொழிலாளர் வீடுகளில் அடுப்பெரிவது கடினமாயிற்று. அவர்கள் செய்த பிழை எதுவுமில்லை என்பதையும் நாம் மறக்கலாகாது.

என் கருத்தில், திருப்பூரின் மிகப்பெரிய ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று, அந்த ஆணையே. தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அளித்தது. சவ்வு பிரித்தெடுத்த நீர் மீண்டும் சாயத்தொட்டிக்குச் சென்றது. எஞ்சிய கடும் உப்புநீரைக் கொதிக்கவைத்து உலர்த்துவதற்குத் தாங்கமுடியாத எரிபொருட்செலவு. அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறுவழி கண்டனர். எப்படியும் சாயமேற்ற உப்பு வேண்டுமல்லவா? அந்த உப்புநீரையே தூய்மையாக்கிப் புதிய உப்புக்குப் பதிலாகச் சாயத்தொட்டியில் சேர்த்தனர். பட்டறைகளில் பலவும் சாதாரண உப்பை விட்டு, மீட்டெடுக்க எளிதான சோடியம் சல்பேட்டுக்கு மாறின. எளிய யோசனைதான், ஆயினும் ஆற்றில் விடக்கூடாது என்ற கட்டாயம் வரும்வரை அதற்குத் தேவை எழவில்லை.

கணக்கு முற்றும் தீர்ந்துவிடவில்லை. சுத்திகரிப்பு நிலையங்களின் கொட்டகைகளில், எதற்கும் எளிதில் பயன்படாத கலப்பு உப்பும் கசடும் மூட்டைகளாக அடுக்கப்படுகின்றன. அவற்றை என்ன செய்வது என்பதே இப்போது அங்குள்ள பொறியாளர்கள் முன் நிற்கும் வினா.