காதொலிக் கருவியைக் காத்தவர்கள்

காதொலிக் கருவியின் வரலாறு, நாளுக்கு நாள் சிறுத்துவந்த ஒரு பொருளின் கதையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. செவிக்குழல், கரித்துகள் ஒலிவாங்கி, வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், எண்ணியல் சில்லு என்று அக்கதை நகரும். அக்கருவியை நாள்தோறும் துடைத்து, உலர்த்தி, மின்கலம் மாற்றிக் காத்தவர்கள் யார் என்ற கேள்வி அதில் எழுவதில்லை. தொழில்நுட்பம் மாறிய ஒவ்வொரு முறையும் பராமரிப்புச் சுமை நீங்கிவிடவில்லை, அதன் வடிவமே மாறியது என்பது என் கருத்து. அதை இந்தியச் சூழலில் வைத்து இங்கே விளக்க முயல்கிறேன்.

கரித்துகள் ஒலிவாங்கியில் ஈரம் புகுந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தட்டிக் குலுக்கினால்தான் மீண்டும் சீராக ஒலிக்கும். வெற்றிடக் குழாய்க் கருவிக்கு இருவகை மின்கலங்கள் தேவைப்பட்டன: ஒன்று இழையைச் சூடேற்ற, மற்றொன்று உயர் மின்னழுத்தம் தர. இரண்டையும் உடலோடு சுமக்க வேண்டியிருந்தது. 1952ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் சோனோடோன் நிறுவனம் இரண்டு குழாய்களுடன் ஒரு டிரான்சிஸ்டரையும் சேர்த்த கருவியை வெளியிட்டது. அடுத்த ஆண்டே முழு டிரான்சிஸ்டர் கருவிகள் வந்தன. கண்ணாடிக்குள் அடைபட்ட குழாய்களை வியர்வை தீண்டியதில்லை. தொடக்ககால டிரான்சிஸ்டர்களோ உடலின் ஈரத்தால் சில வாரங்களிலேயே பழுதடைந்தன. பின்னர் அவற்றின் உறை மேம்பட்டது. ஆயினும் கருவி தோலை நெருங்க நெருங்க, வியர்வையும் காதுக்குறும்பியும் அதன் அன்றாடப் பகைகளாயின.

இந்தியாவில் இத்துறைக்கான நிறுவனங்கள் சுதந்திரத்துக்குப் பின் உருவாயின. மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965இலும், பம்பாயில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983இலும் தொடங்கப்பெற்றன. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்கும் நடுவண் அரசின் அடிப் திட்டம் 1981இல் வந்தது. அக்காலத்தில் பரவலாகக் கிடைத்தது சட்டைப்பையில் வைக்கும் கருவி. குழந்தைகளுக்கு அதைத் துணிப்பையில் இட்டு மார்பில் கட்டினார்கள். பெட்டியிலிருந்து காதுக்குச் செல்லும் கம்பி அடிக்கடி அறுந்துபோகும். ஆனால் அக்கருவிக்கான பென்டார்ச் பேட்டரி எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைத்தது.

காதின் பின்புறம் பொருத்தும் சிறு கருவி பரவியபோது கம்பித் தொல்லை ஒழிந்தது. அதற்குரிய துத்தநாகக் காற்று மின்கலமோ பெட்டிக்கடைச் சரக்கன்று. அதன் ஒட்டுத்தாளை உரித்ததும் காற்று உட்புகுந்து வேதிவினை தொடங்கும். பிறகு பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும். கருவி காதுக்கு அருகில் வந்தபோது, மின்கலம் கிராமத்திலிருந்து நகரத்துக்கு நகர்ந்துவிட்டது எனலாம்.

பருவமழைக் காலத்தில் இன்னும் சில கடமைகள் சேர்கின்றன. இரவில் மின்கலத்தைக் கழற்றிவிட்டு, சிலிக்கா ஜெல் இட்ட மூடிய டப்பாவில் கருவியை வைக்க வேண்டும். மின்கலத்தையும் உடன் வைத்தால் அதுவும் உலர்ந்து கெடும். இயர்மோல்டு எனப்படும் காது அச்சைக் கருவியிலிருந்து பிரித்துக் கழுவி, குழாயில் ஒரு துளி நீரும் நில்லாதபடி காயவைத்த பின்பே மீண்டும் மாட்ட வேண்டும். குழந்தையின் காது வளர வளர அச்சும் தளரும். ஒலி கசிந்து கருவி கீச்சிடும். புதிய அச்சு எடுக்க மீண்டும் நகரத்துக்குப் பயணம். இவ்வேலைகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் மீதே விழுகின்றன.

மொழியியல் மாணவர்களுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்குப் பேச்சுக் கற்பிப்பது பற்றி எழுதிய டேனியல் லிங் என்பவரின் பெயரால் ஓர் எளிய சோதனை வழங்குகிறது. ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்னும் ஆறு ஒலிகளைக் குழந்தை வாய் பார்க்காதபடி சொல்லி, கேட்கிறதா என்று காலைதோறும் அறிவது அது. தாழ்ந்த அதிர்வெண் முதல் உயர்ந்த அதிர்வெண் வரை பேச்சொலியின் பரப்பை இந்த ஆறும் தொட்டுவிடுகின்றன. ஒலியனியல் பயிலாத ஒரு தாய் அடுக்களையில் நின்று நாள்தோறும் செய்யும் ஒலியியல் ஆய்வு என்றே இதைச் சொல்வேன். சைகைமொழி வாய்க்காமல், கருவியை மட்டுமே நம்பியிருக்கும் குழந்தைக்கு, மின்கலம் தீர்ந்த ஒரு வாரம் மொழியே இல்லாத ஒரு வாரமாகும்.

ஆவணங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அடிப் திட்ட விதிப்படி, ஒருமுறை உதவி பெற்றவர் அதே நோக்கத்துக்காக மீண்டும் பெற மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டும். 12 வயதுக்குட்பட்டோருக்கு ஓராண்டு. ஆறாம் மாதத்தில் ஈரத்தால் கெட்டுப்போன கருவியும் பதிவேட்டில் ‘வழங்கப்பட்டது’ என்றே இருக்கும். வளரும் நாடுகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி, தலைப்பிலேயே கருவிகளோடு சேவைகளையும் சேர்த்துக்கொண்டது. நம் பதிவேடுகளோ இன்னும் கருவிகளையே எண்ணுகின்றன.

பதிவேட்டை மட்டும் நம்பி எழுதினால் கிடைப்பது வழங்கலின் வரலாறு. பராமரிப்பின் வரலாற்றை எழுத விரும்புவோர் பழுதுநீக்கும் கடைகளின் ரசீதுகளையும், சிறப்புப் பள்ளி ஆசிரியர்களின் குறிப்பேடுகளையும், தாய்மார்களின் வாய்மொழியையும் தேடிச் செல்ல வேண்டும். களப்பணிக்குப் போகும் மாணவர்கள் ‘கருவி கிடைத்ததா?’ என்பதோடு நிறுத்திவிடாமல், ‘இன்று காலை அது ஒலித்ததா? யார் பார்த்தார்கள்?’ என்றும் கேட்டுக் குறித்து வைக்க வேண்டுகிறேன்.