நைலானுக்கு முன்பே பிறந்த உடல்: செவ்வியல் கிதார் வடிவமைப்பின் வரலாறு

இன்று நைலான் தந்தி கிதார் என்று கடைகளில் விற்கப்படும் வாத்தியத்துக்கு உடலமைப்பு வகுக்கப்பட்டபோது நைலானே உலகில் கிடையாது. அந்த உடலை வகுத்த ஸ்பானியக் கைவினைஞர் அந்தோனியோ தெ தோரெஸ் 1892இல் மறைந்தார். நைலான் தந்தி விற்பனைக்கு வந்ததோ 1940களின் பிற்பகுதியில். ஆட்டுக்குடல் நரம்புக்கென்று அமைந்த உடலில் வேறொரு பொருள் ஏறியது. கச்சேரி மண்டபங்களும் பெரிதாகிக்கொண்டே போயின. கிதார் செய்பவர்கள் இன்றுவரை எடுக்கும் முடிவுகள் பலவும் இந்த இரண்டு மாற்றங்களோடு செய்துகொண்ட சமரசங்களே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தோரெஸ் 1817இல் அல்மேரியாவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். தச்சுத் தொழிலில் பழகி, பிறகு செவில் நகரில் கிதார் செய்யத் தொடங்கினார். மேற்பலகையின் உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல் மெல்லிய சட்டங்களை ஒட்டும் முறையை அவர்தான் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. செவிலில் பிரான்சிஸ்கோ சங்கினோ 1759இல் செய்த கிதாரிலேயே விசிறிச் சட்டங்கள் உண்டு. காடிஸ் நகரின் பாஹேஸ், பெனெதித் பட்டறைகளும் அம்முறையைக் கையாண்டன. தோரெஸின் சாதனை, சிதறிக் கிடந்தவற்றை ஒரே கருவியில் பொருத்தியது. உடலை அகலப்படுத்தினார், மேற்பலகையை மெலிதாக்கி லேசாக வளைத்தார், ஏழு விசிறிச் சட்டங்களைப் பெரும்பாலான கருவிகளில் வைத்தார், அதிரும் தந்தியின் நீளத்தை 650 மி.மீ. அளவில் நிறுத்தினார். 1858இல் செவில் கண்காட்சியில் அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. அந்த 650 மி.மீ. இன்றும் அநேகக் கிதார்களின் அளவு.

அவருடைய சிந்தனை எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்பதற்குச் சான்று 1862இல் செய்த ஒரு கிதார். மேற்பலகை ஸ்ப்ரூஸ் மரம். பக்கங்களும் முதுகும் காகித அட்டை. பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. ஒலியின் குணத்தை மேற்பலகையே தீர்மானிக்கிறது என்று நிறுவிக்காட்டத் துணிந்த சோதனை அது. கிதார் வரலாற்றில் இதைவிடத் துணிச்சலான சோதனை அரிது. ஆனாலும் விற்பனைக்குச் செய்தவற்றில் தோரெஸ் ரோஸ்வுட், சைப்ரஸ், மேப்பிள் மரங்களையே பயன்படுத்தினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதுகுக்கு வேலையே இல்லை என்று அவர் முடிவுகட்டிவிடவில்லை.

மேற்பலகைக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வயலினில் வில் இழுபடும்வரை தந்திக்கு ஆற்றல் வந்துகொண்டே இருக்கும். கிதாரில் விரல் மீட்டிய கணத்தோடு சரி. கிடைத்த சிறு ஆற்றலைப் பலகை எப்படிச் செலவிடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இலேசான பலகை வேகமாகச் செலவிடும்: ஒலி பெரிதாக எழுந்து விரைவில் அடங்கும். கனத்த, விறைப்பான பலகை மெல்லச் செலவிடும்: ஒலி சிறிது, நீடிப்பு அதிகம். நைலான் தந்திகள் ஆறும் சேர்ந்து, மேற்பலகையில் அவற்றைத் தாங்கும் குதிரையை (பிரிட்ஜ்) இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. எஃகுத் தந்தி கிதாரில் இது 70 கிலோவையும் தாண்டும். எஃகுக்கென்று போடும் தடித்த குறுக்குச் சட்டங்களை நைலான் கிதாரில் வைத்தால் பலகை அசையவே தயங்கும். ஆகவே இரண்டு மில்லிமீட்டரை ஒட்டிய பலகையில் எங்கே எவ்வளவு சீவுவது என்பதே பட்டறையின் தலையாய முடிவு. பல கைவினைஞர்கள் பலகையை விரலால் தட்டிக் கேட்டும், கையில் வளைத்துப் பார்த்துமே அதை எடுக்கிறார்கள்.

இனி தந்தி. இரண்டாம் உலகப் போரின்போது குடல் நரம்பு அறுவை சிகிச்சைத் தையலுக்குத் தேவைப்பட்டதால் இசைக்கலைஞர்களுக்குக் கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்க டூபான்ட் நிறுவனம் 1938இல் அறிவித்த நைலானைக் கிதாரில் ஏற்றியவர் நியூயார்க்கின் கருவி வினைஞர் ஆல்பர்ட் அகஸ்டின். ஸ்பானியக் கிதார் கலைஞர் ஆந்த்ரெஸ் செகோவியா அவருக்குத் துணைநின்றார். மியூனிக் நகரின் கிதார் வினைஞர் ஹெர்மன் ஹௌசர், தோரெஸ் வழியில் 1937இல் செய்துகொடுத்த கிதாரை செகோவியா 1962 வரை வாசித்தார். அந்த ஒரே உடல், குடல் நரம்பு போய் நைலான் வந்த மாற்றம் முழுவதையும் கண்டது.

நைலான் அறுந்துபோவது குறைவு. ஈரக்காற்றில் சுருதி கலைவதும் குறைவு. ஆனால் அது குடல் நரம்பைவிட அடர்த்தி குறைந்தது. அதே இழுவிசையில் அதே சுருதிக்கு நைலான் தடித்தாக வேண்டும். முதல் தந்தி 0.7 மி.மீ. அளவில் நின்றுவிட, மூன்றாம் தந்தி ஒரு மில்லிமீட்டரைத் தொடுகிறது. தடித்த தந்தி வளைய மறுக்கும். அதனால் மூன்றாம் தந்தி மங்கலாக ஒலிக்கும், மேல் மெட்டுகளில் சுருதியும் விலகும். குதிரையின் மேலுள்ள எலும்புத் துண்டில் மூன்றாம் தந்திக்கு மட்டும் இடத்தைச் சற்றுப் பின்தள்ளும் வழக்கம் இதனால் வந்தது. பின்னாளில் வந்த 'கார்பன்' தந்திகள் அடர்த்தி மிக்கவை, மெலிந்தவை. ஒலி தெளிவடைகிறது, நைலானின் கனிவு கொஞ்சம் போகிறது.

அடுத்த நெருக்கடி மண்டபங்களிலிருந்து வந்தது. மாட்ரிட்டின் கிதார் வினைஞர் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் 1960களின் நடுவில் ஸ்ப்ரூஸுக்குப் பதில் வட அமெரிக்க மேற்குக் கரையின் சீடாரை மேற்பலகையாக்கினார். சீடார் இலேசானது, புதிதிலேயே முழு ஒலி தரும். தந்தி நீளத்தையும் 664 மி.மீ. ஆக்கினார். கணக்குப்படி, அதே சுருதியில் இழுவிசை நான்கு விழுக்காடு கூடும். ஒலி பெருத்தது; சிறிய கை உள்ளவர்கள் அவதிப்பட்டார்கள். சீடார் நிலைத்தது. 664 நிலைக்கவில்லை, இன்று பெரும்பாலோர் 650க்கே திரும்பிவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் விசிறியையே கைவிட்டார். பால்சா மரமும் கார்பன் இழையும் சேர்ந்த வலைப்பின்னல் சட்டங்களின்மேல் மிக மெல்லிய பலகை, கீழே கனத்த முதுகு. கிதார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் 1980களில் அவற்றை வாசிக்கத் தொடங்கினார். ஜெர்மனியின் மத்தியாஸ் டாமன், கெர்னோட் வாக்னர் இருவரும் இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே நோமெக்ஸ் என்னும் செயற்கைப் பொருளாலான தேனடை வடிவ அடுக்கை வைத்து இரட்டைப் பலகை செய்தார்கள். இரண்டு வழிகளும் கடைசி வரிசைவரை ஒலியைக் கொண்டுசேர்க்கின்றன. ஆனால், மீட்டும் இடத்தை மாற்றினால் நிறம் மாறும் அந்தப் பழைய நுட்பத்தில் தோரெஸ் மரபுக் கிதார்களே இன்னும் முன்நிற்கின்றன.

தோரெஸ் அட்டையால் சோதித்த முதுகுக்கு இனி வருவோம்; அதன் மரத்தின் கதை நம் மலைகளையும் தொடுகிறது. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் பன்னாட்டு வணிகத் தடைக்குள் வந்தது. அதற்கு முன்பே பட்டறைகள் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரத்துக்கு (இந்திய ரோஸ்வுட்) மாறத் தொடங்கியிருந்தன. தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காக்க 1994இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. 2017 முதல் உலகின் எல்லா ரோஸ்வுட் இனங்களும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. பிரேசில் வகை நீங்கலாக, செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்குக் கிடைத்தது. இதற்கிடையே ஐரோப்பியக் கருவிப் பயிற்சிப் பள்ளிகள் சேர்ந்து நடத்திய லியனார்டோ ஆய்வுத் திட்டத்தில், வெப்பமண்டல மரக் கிதார்களும் உள்ளூர் மரக் கிதார்களும் கண்ணால் காணாமல் ஒப்பிடப்பட்டன. உள்ளூர் மரங்கள் பின்தங்கவில்லை. அப்படியிருந்தும் விலையுயர்ந்த கிதார் கேட்டு வருபவர்களில் பெரும்பாலோர் இன்றும் முதுகுக்கு ரோஸ்வுட்டையே கேட்கிறார்கள்.